டேப்பைச் சுருட்டி உள்ள வச்ச கதை

மரவேலையைப் பொழுதுபோக்கா எடுத்துக்கிட்டு நான் முதன்முதலா செஞ்சது ஒரு ஸ்டூல். நாலு கால், மேல ஒரு சதுரப் பலகை, காலுங்களைச் சேக்க நாலு சட்டம், அவ்ளோதான் சமாச்சாரம். ஆனா அதுக்கு நான் எக்செல்ல போட்ட கணக்கைப் பாத்தா கப்பல் கட்டப் போறான்னு நினைச்சிருப்பீங்க. ஒவ்வொரு துண்டுக்கும் நீளம் அகலம் கனம், எல்லாம் மில்லிமீட்டர்ல, சில இடத்துல புள்ளிக்கு அப்புறம் ஒரு இலக்கம் வேற. நமக்குப் பொழப்பே கணக்கு பாக்குறது, அதனால எண்ணு சரியா இருந்தா பொருளும் சரியா வந்துரும்னு ஒரு குருட்டு நம்பிக்கை. கால் ஒவ்வொண்ணும் 430 மில்லி. டேப் வச்சு அளந்து, பென்சில்ல கோடு போட்டு, ரம்பத்துல அறுத்து, நாலையும் தனித்தனியா செஞ்சேன். பசை காஞ்சதும் தரையில வச்சு உக்காந்தேன், டக்குனு ஒரு பக்கம் சாஞ்சுது, எந்திரிச்சேன், டக்குனு இந்தப் பக்கம் வந்துச்சு.

தரைதான் சரியில்லன்னு முதல்ல சொன்னேன். ஆடத் தெரியாதவளுக்கு மேடை கோணல்னு சும்மாவா சொல்லி வச்சாங்க. ரூம் ரூமா தூக்கிட்டுப் போய் வச்சுப் பாத்தேன், எங்க வீட்ல எல்லாத் தரையும் கோணலாம், அப்படின்னு நானே நம்புற அளவுக்குப் போயிட்டேன். அப்புறம் நீளமா தெரிஞ்ச கால்ல ரெண்டு மில்லி சீவினேன், உடனே எதிர்க் கால் நீளமாயிருச்சு, அதுல ரெண்டு, இதுல ஒண்ணு, சாயங்காலத்துக்குள்ள 430 போய் 412 ஆயிருச்சு. ஆட்டம் மட்டும் நிக்கல. கடைசில ஒரு அட்டையை மடிச்சு ஒரு காலுக்கு அடியில ஒட்டி, இது குழந்தைங்க உக்கார்ற ஸ்டூலுன்னு பேரை மாத்தி வச்சோம்.

இதுல எனக்கு ஆத்திரம் என்னன்னா நான் தப்பா அளக்கவே இல்ல. நாலு தடவை அளந்தேன். அப்புறம் எங்க போச்சு அந்த ரெண்டு மில்லி? இதைத் தேடிப் போனதுல தான் இந்தப் பொழுதுபோக்கு எனக்கு உண்மையிலயே பிடிச்சுப் போச்சு, அதனால கொஞ்சம் விலாவரியா சொல்றேன்.

முதல்ல டேப்பு. நுனியில இருக்குற கொக்கி லொடலொடன்னு ஆடும், பாத்திருப்பீங்க. ஆணி லூஸாயிருச்சுன்னு நினைச்சு நான் அதைச் சுத்தியால தட்டி டைட் பண்ணவன். அது வேணும்னே ஆடுற மாதிரி செஞ்சது! கொக்கித் தகடு எவ்ளோ கனமோ சரியா அவ்ளோ தூரம் முன்னபின்ன நகரும். பலகை விளிம்புல மாட்டி இழுத்தா வெளிய வரும், பெட்டிக்குள்ள முட்டி அளந்தா உள்ள போகும், ரெண்டு வகையிலயும் தகட்டோட கனம் கணக்குல ஏறாது. நான் தட்டி வச்சதுக்கு அப்புறம் உள்ளளவு ஒரு கணக்கு, வெளியளவு ஒரு கணக்கு. கொக்கி மேல நம்பிக்கை போச்சுன்னா சில பேர் 10 சென்டிமீட்டர் கோட்டுல இருந்து அளக்க ஆரம்பிப்பாங்க, அதுவும் நல்ல வழிதான், ஆனா கடைசில அந்தப் பத்தைக் கூட்ட மறந்துட்டா துண்டு சரியா பத்து சென்டிமீட்டர் குட்டையா வரும். நான் மறந்திருக்கேன். ஒரு தடவை இல்ல.

அடுத்தது பென்சில். கூரா சீவினாலே கோடு அரை மில்லி, கொஞ்சம் மழுங்கினா ஒரு மில்லி. கோட்டுக்கு இந்தப் பக்கம் அறுத்தேனா அந்தப் பக்கம் அறுத்தேனா, இல்ல கோட்டு மேலயே அறுத்தேனா? நாலு கால்ல நாலு விதமா அறுத்திருக்கேன், அதுலயே ஆட்டம் வந்தாச்சு. மரவேலை செய்யுறவங்க முக்கியமான மூட்டுக்கெல்லாம் பென்சில் எடுக்காம கத்தியால தான் கீறுவாங்க. கத்திக் கோட்டுக்கு அகலமே கிடையாது, அதோட மேல்நாரை முன்னாடியே வெட்டி விட்டுருது, அப்புறம் ரம்பம் போட்டா விளிம்புல சிம்பு கிளம்பாது, உளியை வச்சா டக்குனு அந்தக் கீறல்லயே போய் உக்காரும். கைக்குத் தெரியும், கண்ணு கூட வேண்டாம்.

அப்புறம் ரம்பம் தின்னுறது. இதை எக்செல்ல ஒருத்தரும் சொல்லித் தரல. 2400 மில்லி பலகையை நாலா அறுத்தா 600 வரும்னு ஸ்கூல் கணக்கு சொல்லும். சர்க்குலர் சா ஒவ்வொரு அறுப்புக்கும் மூணு மில்லி போல தூளாக்கிரும், மூணு அறுப்புக்கு ஒம்போது, கடைசித் துண்டு 591 தான். ப்ளைவுட் கதை இன்னும் மோசம், 18 மில்லின்னு சொல்லி வர்றது பல நேரம் 17 சொச்சம் தான் இருக்கும், 18க்கு காடி, அதாவது பலகை உக்கார்ற பள்ளம், எடுத்து வச்சா பலகை உள்ள போய் லொடக்குனு ஆடும்.

சரி, கருவி சரியில்லன்னு முடிவு பண்ணி ஒரு டிஜிட்டல் வெர்னியர் வாங்கினேன், 0.01 மில்லி வரைக்கும் காட்டும். இதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வருது. ஒரே கட்டையை மூணு தடவை அளந்தேன், மூணு எண்ணு. கொஞ்சம் அழுத்திப் பிடிச்சா எண் குறையுது, ஏன்னா மரம் அமுங்குது. இரும்பை அளக்குற கருவியை மரத்துக்கு வச்சா அப்படித்தான். ஒரு மில்லில நூறுல ஒரு பங்கு வரைக்கும் துல்லியமா தப்பு பண்ணிட்டு இருந்தேன்.

எல்லாத்துக்கும் விடை வீட்லயே இருந்துச்சு. என் மனைவி பழைய சட்டை ஒண்ணைத் துணி மேல விரிச்சு, சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டு வெட்டிட்டு இருந்தா. டெய்லருக்கு அளவு சட்டை குடுக்குறோம்ல, அது. நான் போய், "மார்பளவு எவ்ளோன்னு அளக்கலையா?"ன்னு கேட்டேன். "எதுக்குங்க, இதான் சரியா இருக்கே, இதை வச்சே வெட்டிட்டா போச்சு"ன்னா. அளவு சட்டையில எந்த எண்ணும் இல்ல, ஆனா எல்லா அளவும் இருக்கு. அவ சட்டைக்குத் தான் சொன்னா, எனக்கு அந்த நாலு கால் கண்ணு முன்னாடி வந்துச்சு. நாலு காலும் 430 ஆ இருக்கணும்னு ஸ்டூலுக்கு ஒரு கட்டாயமும் இல்ல. நாலும் ஒண்ணா இருந்தா போதும். 427 ஆ இருக்கட்டும், 433 ஆ இருக்கட்டும், உக்கார்றவனுக்கு அது தெரியப் போறதில்ல. ஒரு கால் மட்டும் ஒரு மில்லி மாறினா மட்டும் உடனே தெரிஞ்சுரும்.

அதனால ரெண்டாவது ஸ்டூலுக்கு நாலு காலையும் கட்டு மாதிரி சேத்து கிளாம்ப் போட்டு, நாலுக்கும் சேத்து ஒரே கோடு. சட்டம் வர்ற இடத்தையும் அப்பவே நாலுலயும் இழுத்தாச்சு. அறுக்கும்போது ரம்பத்துக்குப் பக்கத்துல ஒரு தடுப்புக் கட்டையைப் பொருத்திட்டு, ஒவ்வொரு காலையும் அதுல முட்ட வச்சு அறுத்தா நீளம் மாற வழியே இல்ல. மூணு மணி நேரத்துல முடிஞ்ச வேலை. அது ஆடல. முதல் ஸ்டூலையும் காப்பாத்தினேன், அதுக்கும் எண்ணு வேண்டியதில்ல: சமமான ஒரு இடத்துல நிறுத்தி, குட்டையான காலுக்கு அடியில ஆப்பு சொருகி மேல்பலகையை மட்டத்துக்குக் கொண்டு வந்து, ஒரு சின்னக் கட்டை மேல பென்சிலைப் படுக்க வச்சு நாலு காலையும் சுத்தி ஒரே உயரத்துல கோடு இழுத்து, அந்தக் கோட்டுல அறுத்துட்டா முடிஞ்சது. அன்னிக்கு நாள் பூரா சீவிக் கெடுத்ததைப் பத்து நிமிஷத்துல சரி பண்ணியிருக்கலாம். (மூணு கால் ஸ்டூல் எந்தத் தரையிலயும் ஆடாது, மூணு புள்ளி எப்பவும் ஒரு தளத்துல தான் இருக்கும். ஆரம்பிக்கிறவங்க மூணு காலுல ஆரம்பிக்கலாம், மானம் மிஞ்சும்.)

இதைப் பிடிச்சதுக்கு அப்புறம் எங்க பாத்தாலும் அதே விஷயம் தான். காலுல துளை, சட்டத்துல அந்தத் துளைக்குள்ள போற கழுந்து, ரெண்டையும் சேக்குற மூட்டை எடுத்துக்கோங்க. துளையோட அகலம் கட்டை கனத்துல மூணுல ஒரு பங்கு இருக்கணும்னு ஒரு பொது விதி. முப்பது மில்லி கட்டைன்னா பத்து. ஆனா நான் பத்துன்னு அளக்குறதே இல்ல, கையில இருக்குற உளி அந்தப் பங்குக்குக் கிட்ட இருக்கான்னு மட்டும் பாப்பேன், விளிம்புக்கு இணையா கோடு கீறுற மார்க்கிங் கேஜோட ரெண்டு ஊசியையும் உளி வாயில வச்சு செட் பண்ணிட்டா அதே செட்டிங்ல துளைக்கும் கோடு, கழுந்துக்கும் கோடு. ரெண்டு கோட்டையும் மரத்தோட முகப்புப் பக்கத்துல இருந்தே போடணும், இது ரொம்ப முக்கியம், ஒரு துண்டுல முன்பக்கம் இன்னொண்ணுல பின்பக்கம்னு கேஜை வச்சா கட்டைங்களோட கனத்துல இருக்குற வித்தியாசம் எல்லாம் மூட்டுல வந்து நிக்கும். அதுக்குத்தான் நேரா சீவின முதல் முகத்துல பென்சில்ல ஒரு சுழி போட்டு வைக்கிறது. அந்தச் சுழியை அழிச்சுட்டு எது முகம்னு தேடின அனுபவமும் உண்டு.

டவ்டெயில்னு சொல்ற புறாவால் மூட்டு இருக்கே, டிராயர் மூலையில வரும்ல, அதைப் பாத்து நான் ரெண்டு வருஷம் பயந்தேன். சரிவு மெத்து மரத்துக்கு ஆறுக்கு ஒண்ணு, கெட்டி மரத்துக்கு எட்டுக்கு ஒண்ணுன்னு படிச்சதும் ப்ரொட்ராக்டர் எடுத்தவன் நான். உண்மையில முதல் பலகையில வாலை எந்தச் சரிவுல வெட்டினாலும் பரவால்ல, கொஞ்சம் கோணலா போனாலும் பரவால்ல. வெட்டினதை ரெண்டாவது பலகை மேல படுக்க வச்சு கத்தியால சுத்திக் கீறணும், அவ்ளோதான். கோணல் இருந்தா அந்தக் கோணலும் கீறல்ல வந்துரும், ரெண்டும் கட்டிப் பிடிச்சுக்கும். உலகத்துலயே கஷ்டமான மூட்டுன்னு நினைச்சது அளவு சட்டை வேலையா போச்சு. சதுரம் பாக்குறதும், அதாவது மூலையெல்லாம் 90 டிகிரியான்னு பாக்குறதும், இப்படித்தான். பெட்டியோட ரெண்டு மூலைவிட்டமும் ஒண்ணா இருந்தா சதுரம், அது எவ்ளோங்கிறது யாருக்கு வேணும், ஒரு குச்சியைக் கூராக்கி மூலையில முட்ட வச்சு அடையாளம் போட்டு அடுத்த மூலைக்குக் கொண்டு போனா தெரிஞ்சுரும். இதைப் பசை போட்டு கிளாம்ப் மாட்டின உடனே பாக்கணும். வெள்ளைப் பசை அஞ்சு பத்து நிமிஷம் தான் டைம் குடுக்கும், அந்த நேரத்துல எங்க வீட்ல யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க.

மூலை 90 டிகிரியான்னு பாக்குற கருவி மூலமட்டம், அதுவே சரியான்னு எப்படித் தெரியும்? அதுக்கும் இன்னொரு மூலமட்டம் வேண்டாம். நேரான விளிம்புல வச்சு ஒரு கோடு, அதைத் திருப்பிப் போட்டு அதே இடத்துல இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்தா சரி. விலகினா, தெரியுற விலகல் நிஜத் தப்பை விட ரெண்டு மடங்கு, அதனால சின்னத் தப்பு கூட ஒளிய முடியாது. என்னோட முதல் மூலமட்டம் இதுல ஃபெயில்.

ஆனா ஒண்ணு சொல்லணும், இப்படி வச்சுப் பாத்து வச்சுப் பாத்து சேக்குறதுக்கு இழைப்புளி கூரா இருக்கணும். டிராயர் அரை மில்லி இறுக்கமா இருக்குன்னா ரம்பத்தால அரை மில்லி எடுக்க முடியாது, உப்புத்தாள் போட்டா எவ்ளோ போச்சுன்னு தெரியாது, விளிம்பு வேற உருண்டுரும். நல்லா சாணை பிடிச்ச இழைப்புளி 0.05 மில்லி கனத்துல சீவல் எடுக்கும், வெளிச்சத்துல பிடிச்சா அந்தப் பக்கம் தெரியும். ஒரு தள்ளு, வச்சுப் பாரு, இன்னொரு தள்ளு, வச்சுப் பாரு. நான் ஆரம்பத்துல சாணைக்கு நேரம் செலவு பண்ணாம மரத்தோட மல்லுக்கு நின்னேன், நாரோட வாட்டம் பாக்காம எதிர்ப்பக்கமா தள்ளி குழி குழியா பிச்சு வச்சேன், மரம் மட்டம்னு திட்டினேன். 25 டிகிரில வாயை எடுத்து, நுனியில மட்டும் 30 டிகிரி, 1000 நம்பர் சாணைக்கல், அப்புறம் இன்னும் நைஸான 6000 நம்பர் கல், பின்பக்கம் விரலுக்கு பிசிறு தட்டுறது போற வரைக்கும். அவ்ளோதான் விஷயம். கை பழகினா அஞ்சு நிமிஷம். விரல் இருக்கே, அது பெரிய ஆளுங்க, ரெண்டு பலகை சேர்ற இடத்துல பேப்பர் கனத்துக்கு மேடு இருந்தா கூட கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும்.

இவ்ளோ சொல்லியும் ஒரு பெரிய இடத்துல நான் அடி வாங்கினேன். ஒரு சின்ன மேசை. மேல்பலகை அரை மீட்டர் அகலம், மூணு பலகையைச் சேத்து ஒட்டினது, அடியில சட்டத்தோட சேத்து சுத்தி ஸ்க்ரூ போட்டு இறுக்கி விட்டேன், அசையக் கூடாதுல்ல. அஞ்சு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி ரூம்ல டப்புனு ஒரு சத்தம். காலையில பாத்தா பலகை நடுவுல நீளவாக்குல ஒரு விரிசல், போஸ்ட் கார்டை உள்ள சொருகலாம்.

மரம்ங்கிறது வைக்கோல் கட்டு மாதிரி, நாரெல்லாம் நீளவாக்குல அடுக்கினது. காத்துல ஈரம் ஏறினா அந்த நாரோட சுவர் தண்ணியை இழுத்து ஊதும், வறண்டா சுருங்கும். நீளத்துல கிட்டத்தட்ட ஒண்ணும் ஆகாது, எல்லாம் அகலத்துல தான். அதுலயும் வளையத்தோட போக்குல ஆகுற மாற்றம், நடுவுல இருந்து பட்டையை நோக்கிப் போற திசையில ஆகுறதை விட சுமாரா ரெண்டு மடங்கு. அதனால தான் சாதா அறுப்புப் பலகை வளையுது, நடுவுல இருந்து ஆரம் போக்குல அறுத்த பலகை அடங்கி இருக்கு. அரை மீட்டர் அகலப் பலகைக்கு ஈர மாசத்துக்கும் வறண்ட மாசத்துக்கும் நாலஞ்சு மில்லி வித்தியாசம் சாதாரணமா வரும். நான் ஸ்க்ரூ போட்டது ஈர மாசம். அது சுருங்கப் பாத்துச்சு, நான் விடல, அது நடுவுல விட்டுக் குடுத்துச்சு. பாலிஷ் போட்டா நின்னுரும்னு சில பேர் சொல்வாங்க, நிக்காது, வேகம் தான் குறையும்.

அப்போ நான் வெர்னியர் வச்சு எடுத்த எண்ணெல்லாம் என்ன? அது அன்னிக்கு அந்த நேரத்துல அந்தப் பலகை இருந்த இருப்பு, அவ்ளோதான். இப்போ மேசைக்கு ஸ்க்ரூ ஓட்டையை அகலவாக்குல நீட்டி எடுக்குறேன், ஸ்க்ரூ உள்ள நகரட்டும்னு. டிராயரை ஈர மாசத்துல செஞ்சா இறுக்கமாவே விடலாம், வறண்ட மாசத்துல செஞ்சா மேல ஒரு ரெண்டு மில்லி சந்து விடணும், அந்தச் சந்தைப் பாத்துட்டு "என்னங்க மேல இடைவெளி விட்டுட்டீங்க"ன்னு கேப்பாங்க, கேக்கட்டும், மழை வரும்போது தெரியும்.

எண்ணே வேண்டாம்னு சொல்ல வரல, அப்படிச் சொன்னா பொய். சில எண்ணு உடம்புல இருந்து வந்தது, அதை மாத்த முடியாது: உக்கார்ற உயரம் 43லிருந்து 46 சென்டிமீட்டர், மேசை 73லிருந்து 76. அதுவும் ஒரே ஆளுக்குன்னா முழங்காலுக்குப் பின்னாடி இருந்து தரை வரைக்கும் ஒரு குச்சியை வச்சு வெட்டிக்கிறது இன்னும் நல்லது, எண்சாண் உடம்புன்னாலும் அவங்கவங்க சாண் வேற தானே. புக் ஷெல்ஃபுக்குக் கணக்கு கண்டிப்பா வேணும். தட்டோட நீளத்தை ரெண்டு மடங்காக்கி முழுசும் புத்தகம் அடுக்கினா தொய்வு ரெண்டு மடங்கு ஆகாது, பதினாறு மடங்கு ஆகும். பலகைக் கனத்தை ரெண்டு மடங்காக்கினா எட்டுல ஒண்ணா குறையும். இதை வச்சுப் பாத்து கத்துக்க ஆரம்பிச்சா புத்தகமெல்லாம் தரைக்கு வந்துரும்.

அதே மாதிரி ஆயிரக்கணக்குல செய்யுறவனுக்கு எண்ணு தான் எல்லாம். 1859ல வியன்னாவோட தோனெட் (Thonet) நாற்காலி கம்பெனி கொண்டு வந்த 14ஆம் நம்பர் நாற்காலி, ஆவியில வளைச்ச மரம், ஆறு மரத்துண்டு, பத்து ஸ்க்ரூ, ரெண்டு நட்டு. பிரிச்சு அடுக்கினா ஒரு கன மீட்டர் பெட்டிக்குள்ள 36 நாற்காலி. எந்தப் பெட்டியில இருந்து எடுத்த காலும் எந்தப் பெட்டியில இருந்து எடுத்த சீட் வளையத்துலயும் உக்காரணும், அங்க போய் வச்சுப் பாத்து சீவுறேன்னு சொன்னா விளங்கும்! நான் பண்ண தப்பு என்னன்னா ஒரே ஒரு ஸ்டூல் செய்யுறவன் ஃபேக்டரி மாதிரி யோசிச்சேன். என் ஸ்டூலோட மூணாவது கால் வேற எந்த ஸ்டூலுக்கும் போகப் போறதில்ல.

கடைசியா செஞ்சது ஒரு புக் ஷெல்ஃப். தட்டு நீளம் மட்டும் கணக்கு போட்டேன். மத்ததெல்லாம் ஒரு குச்சியில. சுவத்துல வைக்கப் போற இடத்துல குச்சியை நிறுத்தி, ஜன்னல் விளிம்பு இங்க, ஸ்விட்ச் இங்க, இருக்குறதுலயே உயரமான புத்தகம் இவ்ளோ, அதுக்கு மேல ரெண்டு விரல்னு கத்தியால கீறிக்கிட்டே போனேன். தட்டோட கனத்தைக் கூட பலகைத் துண்டையே வச்சு ரெண்டு பக்கமும் கீறியாச்சு. பக்கப் பலகை ரெண்டையும் சேத்து வச்சு குச்சியில இருந்து கோட்டை எறக்கினேன். எக்செல்லைத் திறக்கவே இல்ல. ஆட்டம் இல்ல, தொய்வு இல்ல, ஒரு இடத்துல பசை வழிஞ்சதைத் துடைக்காம விட்டதுல எண்ணெய் ஏறாம வெள்ளையா ஒரு திட்டு இருக்கு, அதுக்கு முன்னாடி ஒரு குண்டு டிக்‌ஷனரியை வச்சிருக்கேன். எண்ணெய் துடைச்ச துணியைச் சுருட்டிப் போடாதீங்க, ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடாகி தானா தீப்பிடிக்கலாம், விரிச்சுக் காயப் போடுங்க.

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஃபோட்டோவைப் பாத்துட்டு, "டேய் சூப்பரா இருக்கு, அளவு மட்டும் அனுப்பி விடுடா, நானும் செய்யுறேன்"ன்னு மெசேஜ் போட்டான். தேடினேன், என்கிட்ட எண்ணே இல்ல. குச்சியை ஃபோட்டோ எடுத்து அனுப்பினேன். "இதுல நம்பர் எங்கடா இருக்கு?"ன்னு கேட்டான். வந்து குச்சியை வாங்கிட்டுப் போ, உன் சுவத்துல வச்சுப் பாரு, பத்தலைன்னா நீ ஒரு குச்சி வெட்டிக்கோ, ஆனா என்னோடதைத் திருப்பிக் குடுத்துரு, இன்னொரு ஷெல்ஃப் பாக்கி இருக்குன்னு சொல்லியிருக்கேன்.